தூள் பிடிக்கும் மெஷின்

ஜூன் 9, திங்கள்

டாக்டர் இன்று சிரிக்கவில்லை. அக்கா மகள் மகிழினியின் முதுகில் நாலைந்து இடத்தில் ஸ்டெதாஸ்கோப்பை வைத்துப் பார்த்துவிட்டு, "வீட்டுல என்ன தொழில்?" என்று கேட்டார். அக்கா என்னைப் பார்த்தாள். ஆஸ்பத்திரி, பேங்க், தாலுகா ஆபீஸ், எங்கே யார் கேள்வி கேட்டாலும் அக்கா என்னைத்தான் பார்ப்பாள். எங்கள் குடும்பத்தில் பட்டம் வாங்கியவள் நான் ஒருத்திதான். பி.எஸ்சி. இயற்பியல்.

"மர வேலை சார்" என்றேன். அது எனக்கே கேட்கவில்லை. இரண்டாம் முறை சொல்ல வேண்டியிருந்தது.

"தூசிதான். ஒண்ணு பட்டறை வீட்ட விட்டுப் போகணும், இல்ல பிள்ள போகணும். ஒரு மாசம் தூசி இல்லாம வச்சுப் பாருங்க. தினமும் இழுப்பு வந்துச்சா இல்லையான்னு எழுதிக் கொண்டாங்க" என்றார். அதற்காகத்தான் இந்த நோட்டு. குரூப் ஃபோர் பரீட்சைக்கு வாங்கியது, முதல் எட்டுப் பக்கங்களில் சோழர்கள் இருக்கிறார்கள்.

அத்தான் வீட்டு வாசலிலேயே நின்றிருந்தார். அக்கா விஷயத்தைச் சொன்னதும் பட்டறைக்குள் போனார். பட்டறை என்றால் பெரிதாக நினைக்க வேண்டாம், வீட்டுக்குப் பின்னால் தகரக் கூரை போட்ட ஓர் அறை. ஊருக்குள் வேறு இடம் தேடியாயிற்று. மர வேலை என்றதும் எல்லாரும் கதவைச் சாத்துகிறார்கள்.

சாயங்காலம் சார்ஜாவிலிருந்து போன். அத்தான் ஆறு வருடம் வேலை பார்த்த மர ஃபேக்டரியின் ஃபோர்மேன் அன்வர் பாய். ஆள் வேண்டுமாம். ஜூலை 18க்கு டிக்கெட் போட்டுவிடுவாராம். வரவில்லையென்றால் இரண்டு நாள் முன்னால் சொன்னால் போதுமாம்.

"ஒரு மாசம் பாப்போம்" என்றார் அத்தான். "பிள்ளைக்கு நல்லாயிட்டுன்னா இங்க. இல்லன்னா நான் கிளம்புதேன்."

"கிளம்புங்க" என்றாள் அக்கா. "போட்டோவக் காட்டி இதான் உங்கப்பான்னு சொல்லிக் குடுத்த பழக்கம் எனக்கு இன்னும் மறக்கல."

மகிழினியை அவர் முதன்முதலாகப் பார்த்தபோது அவளுக்கு ஆறு மாதம். புதிய ஆளைக் கண்டு வீறிட்டு அழுதாள். அன்றுதான் இனிப் போவதில்லை என்று முடிவு செய்தார். இப்போது அவளுக்கு ஒரு வருடம் எட்டு மாதம்.

இழுப்பு: உண்டு. இருமுறை மருந்துப் புகை வைத்தோம்.

ஜூன் 11, புதன்

கோயம்புத்தூரில் ஒரு மழலையர் பள்ளிக்கு மரக்கட்டைகள் செய்யும் ஆர்டர் அத்தானிடம் இருக்கிறது. பிள்ளைகள் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கி விளையாடும் கட்டைகள். எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும். இப்போது கையில் பிடித்து ஓட்டும் பிளேனரால் சீவுகிறார். கனமும் சரியாக வருவதில்லை, தூளும் நாலாபக்கமும் பறக்கிறது. மேசைமேல் வைக்கும் திக்னசர் வாங்கினால் பலகையை ஒரு பக்கம் விட்டு மறுபக்கம் எடுத்துக்கொள்ளலாம், கேட்ட கனத்தில் வரும். அத்துடன் தூளை உறிஞ்சும் டஸ்ட் கலெக்டரையும் சேர்த்து வாங்கிவிட்டால் டாக்டர் சொன்னதும் நடக்கும்.

அத்தான் ஒரு கட்டுத் தாளைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார். எல்லாம் இங்கிலீஷ். "படிச்சிட்டு எது வாங்கலாம்னு சொல்லு."

"எனக்கு மெஷினைப் பத்தி என்ன தெரியும் அத்தான்?"

"எனக்கு மரத்தப் பத்தித் தெரியும். ரெண்டையும் கூட்டிக்கிடுவோம்."

மூன்று மணி நேரம் படித்தேன். நன்றாகவே இருந்தது. வீடு பெருக்கும் வேக்குவம் கிளீனர் மாதிரியானவை வலுவாக இழுக்கும், ஆனால் குழாய் ஒல்லி. மரச்சுருள் அதில் போய் அடைத்துக்கொள்ளும். திக்னசருக்கு வேண்டியது நாலு அங்குலக் குழாயும் நிறையக் காற்றும். இழுக்கும் வலு வேறு, இழுக்கும் காற்றின் அளவு வேறு. இரண்டாம் வருடம் படித்தது. ஒரு பரீட்சைக்கு வெளியே அது இருக்கும் என்று நான் நினைத்ததில்லை.

"நீட்டப் பிளேடு வச்சது நல்லதா, சின்னச் சின்னப் பல்லா சுத்தி வச்சது நல்லதா?" என்று அத்தானைக் கேட்டேன்.

"பல்லு வச்சதுல சத்தம் கம்மி, பிள்ள தூங்கும். ஆனா நீ காட்டுததுல பல்லு வச்சது எல்லாம் பெரிய மெஷினு. அது உள்ள நின்னா நான் வெளிய நிக்கணும்."

எனவே பிளேடு. ஒரு பக்கம் மழுங்கினால் திருப்பிப் போடக்கூடியது.

இழுப்பு: உண்டு, கொஞ்சம்.

ஜூன் 14, சனி

திருநெல்வேலிக்குப் போய் இரண்டையும் வாங்கியாயிற்று. கடைக்காரர் டை கட்டியிருந்தார். என்னை 'மேடம்' என்றார், திரும்பிப் பின்னால் பார்த்தேன். வாட்ஸ், குழாய் அகலம், எது முதலில் ஆன் செய்வது, எல்லாம் கேட்க எழுதிக்கொண்டு போயிருந்தேன். பாதிதான் கேட்டேன். அத்தான் கையைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றார். கடைசியில் பில் போடும்போது தூள் விழும் பையைப் பற்றிக் கடைக்காரர் ஏதோ கேட்டார். பின்னால் மூன்று பேர் நின்றார்கள். இருப்பதே போதும் என்றேன்.

பஸ்ஸில் அத்தான் அக்காவுக்குப் போன் செய்து, "உன் தங்கச்சி கடைக்காரனயே திணறடிச்சிட்டா" என்றார். அப்படி ஒன்றும் நடக்கவில்லை.

இழுப்பு: இல்லை. இன்று பட்டறை பூட்டியிருந்தது.

ஜூன் 17, செவ்வாய்

கிராஃப் தாளில் பட்டறையை வரைந்து, மெஷின்களை அட்டையில் வெட்டி நகர்த்தி நகர்த்திப் பார்த்தேன். எட்டடிக்குப் பதினொன்று. நாலடிப் பலகை மெஷினுக்குள் போக முன்னால் நாலடியும் பின்னால் நாலடியும் வேண்டும். ஆகவே திக்னசர் கதவுக்கு நேரே. நீளமான பலகை கதவு வழியே வெளியே தலையை நீட்டிக்கொள்ளட்டும். டஸ்ட் கலெக்டருக்குத்தான் இடமே இல்லை.

சந்தில் வைக்கலாம் என்று நான் சொன்னேன். பட்டறைக்கும் அடுப்படிக்கும் நடுவில் ஒரு சந்து இருக்கிறது. சுவரில் ஓட்டை போட்டுக் குழாயை மட்டும் உள்ளே விட்டால் போதும். சத்தமும் வெளியே, தூளும் வெளியே.

"என் சந்த எதுக்கு எடுக்கிய? துணி எங்க காயப்போட?" என்றாள் அக்கா.

"கொடி அந்த மூலையிலதானக்கா. இதுக்கும் அதுக்கும் சம்பந்தமே இல்ல."

"நல்ல மூளைல்லா" என்றார் அத்தான். அப்போதே சுத்தியலும் உளியும் எடுத்துவிட்டார்.

இழுப்பு: உண்டு.

ஜூன் 20, வெள்ளி

மெஷின்கள் வந்தன. சந்தில் மேலே தகரம் அடித்து, கீழே கல் போட்டு, டஸ்ட் கலெக்டரை நிறுத்தினார் அத்தான். முதலில் அதை ஆன் செய்தோம். மேலே தொங்கிய துணிப் பை உப்பி எழுந்து நின்றது. மகிழினி அதைப் பார்த்து "ஆனை" என்றாள்.

பிறகு திக்னசர். முதல் பலகையின் இரு முனையிலும் லேசாகப் பள்ளம் விழுந்தது. அத்தான் முன்னும் பின்னும் ஒரு வேண்டாத துண்டை ஒட்டினாற்போல் விட்டார், பள்ளம் துண்டோடு போயிற்று. பத்துக் கட்டைகளை அறுத்து அடுக்கினார். விளிம்பில் விரலை ஓட்டிக்கொண்டே வந்தார், எங்கும் தட்டவில்லை. தரையில் ஒரு சுருள் கிடையாது.

அக்கா வந்து தரையைத் தடவிப் பார்த்தாள். "என் அடுப்படிய விடச் சுத்தமா இருக்கு. இனி இங்கனயே சமைக்கலாம் போலயே."

இழுப்பு: இல்லை.

ஜூன் 21, சனி

நல்ல வெயில். தொட்டில் சேலை, பிள்ளை துணி எல்லாம் துவைத்துச் சந்தில் காயப்போட்டேன். மெஷின் காலை முதல் ஓடியது. அத்தான் பாட்டுப் பாடிக்கொண்டே வேலை செய்தார். சாயங்காலம் தொட்டிலில் போட்டுக் கொஞ்ச நேரத்தில் இருமல்.

இழுப்பு: உண்டு. பழைய தூசி வீட்டில் இருக்கும், போகப் போகச் சரியாகும் என்றேன்.

ஜூன் 22, ஞாயிறு

வெயில். மறுபடி துவையல், தொட்டில் சேலையில் வாந்தி எடுத்துவிட்டாள். ஞாயிற்றுக்கிழமையானாலும் மெஷின் ஓடியது. இழுப்பு: உண்டு. மூன்று முறை மருந்துப் புகை.

ஜூன் 24, செவ்வாய்

சாரல் தொடங்கிவிட்டது. மலையே தெரியவில்லை. துணியெல்லாம் ஹாலில் ஃபேனுக்குக் கீழே. மெஷின் நாள் முழுவதும். இழுப்பு: இல்லை.

ஜூன் 25, புதன்

சாரல். மெஷின். வீடு முழுக்க ஈரத் துணி வாடை. இழுப்பு: இல்லை. அக்கா இன்று என்னோடு சண்டை போட்டாள், தேங்காய் துருவியதில் ஓடு கிடந்ததாம். அவள் சண்டை போட்டால் மனது லேசாக இருக்கிறது என்று அர்த்தம்.

ஜூன் 27, வெள்ளி

வெயில் வந்தது. சேர்த்து வைத்த துணியெல்லாம் துவைத்துக் கொடி நிறையப் போட்டேன். என்னுடையதை மட்டும் வழக்கம்போல மொட்டை மாடியில். சந்து எதிர்வீட்டுக்குத் தெரியும், அங்கே என் துணியைப் போட எனக்குக் கூச்சம்.

இழுப்பு: உண்டு. மோசம். ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரி.

ஜூன் 28, சனி

எழுத ஒன்றுமில்லை. தலைவலி, சாப்பிடவில்லை. துணியை அக்கா துவைத்துப் போட்டாள். உண்டு.

ஜூலை 1, செவ்வாய்

வெயில். துவையல். உண்டு. பாடத்தில் மனம் ஓடவில்லை. வெக்கையாக இருக்கலாம்.

ஜூலை 3, வியாழன்

அத்தான் அன்வர் பாயிடம் வருகிறேன் என்று சொல்லிவிட்டார். பதினெட்டாம் தேதி திருவனந்தபுரத்திலிருந்து, மத்தியானம் இரண்டு நாற்பதுக்கு.

அக்கா அழுவாள் என்று நினைத்தேன். அவள் சோற்றை வடித்துக்கொண்டே, "அந்த மெஷின என்ன செய்யப் போறிய?" என்று கேட்டாள்.

"வித்துருவேன். புதுசுதான."

"அவ மூணு நாளு கண்ணு முழிச்சுப் படிச்சு வாங்கினது."

"மெஷின் மேல குத்தம் இல்லட்டி. நம்ம பிள்ளைக்கு ஆகல. அவ என்ன செய்வா?"

இருவரும் நான் பக்கத்து அறையில் இருப்பது தெரிந்தே பேசினார்கள் என்று நினைக்கிறேன். நான் மகிழினிக்கு நகம் வெட்டிக்கொண்டிருந்தேன். பத்து விரலையும் வெட்டி முடித்தேன்.

இழுப்பு: இல்லை. பகல் முழுக்கச் சாரல், மெஷினும் ஓடியது.

ஜூலை 7, திங்கள்

இதைச் சரியாக எழுத வேண்டும்.

நாளை டாக்டரிடம் காட்ட, இழுப்புக் கணக்கை மட்டும் தனித் தாளில் எடுத்து எழுதலாம் என்று காலையில் உட்கார்ந்தேன். தேதி, மெஷின், இழுப்பு என்று மூன்று கட்டம் போட்டேன். மெஷின் வந்த மறுநாள் முதல் அது ஓடிய நாளெல்லாம் இழுப்பு வந்திருக்க வேண்டும். வரவில்லை. இருபத்து நாலு, இருபத்தைந்து, மூன்று. மெஷின் ஓடியிருக்கிறது, இழுப்பு இல்லை. மூன்றுமே சாரல் நாட்கள். வெயிலுக்கு இழுப்பு வருமா? அதையும் ஒரு கட்டமாகப் போட்டேன். பட்டறை பூட்டியிருந்த பதினாலாம் தேதியும் வெயில்தான், அன்று இல்லை.

மறுபடியும் முதலிலிருந்து படித்தேன். மெஷின் வந்த பிறகு, வெயிலும் மெஷினும் சேர்ந்த நாளில் மட்டும் வந்திருக்கிறது. அந்த நாட்களில் எல்லாம் நானே இன்னொன்றும் எழுதி வைத்திருக்கிறேன். துவையல், சந்துக் கொடி.

என்னுடைய கறுப்புத் துப்பட்டாவை நனைத்துப் பிழிந்து சந்துக் கொடியில் போட்டேன். பத்தரை மணிக்கு அத்தான் மெஷினைப் போட்டார். பையின் பக்கத்தில் போய் நின்றேன். சந்தில் பத்தரைக்கும் பன்னிரண்டுக்கும் இடையில்தான் நேர்வெயில் விழும். அந்த வெயிலில் பார்த்தேன். உப்பி நின்ற துணிப் பையின் உடம்பெங்கும் புகை மாதிரி மெல்லியதாக ஏதோ கசிந்துகொண்டிருந்தது. சுருளெல்லாம் உள்ளே நின்றுவிட்டது. மாவு போன்ற தூள் மட்டும் துணியைத் தாண்டி வெளியே வந்து, காற்றோடு சந்தின் அந்த மூலைக்குப் போனது.

பன்னிரண்டு மணிக்குத் துப்பட்டாவை எடுத்தேன். சாம்பல் நிறமாக இருந்தது. உதறினால் போகவில்லை, ஈரத்தில் ஒட்டிக் காய்ந்திருந்தது. கட்டைகளுக்காகச் சீவும் ரப்பர் மரத்தின் தூள் வெளிர் நிறம். தொட்டில் சேலையும் வெளிர் நிறம். எப்படித் தெரியும்? அந்தச் சேலைக்குள்தான் அவள் மூக்கைப் புதைத்துக்கொண்டு தூங்குகிறாள்.

சந்தில் வைக்கலாம் என்றவள் நான். கொடிக்கும் அதற்கும் சம்பந்தமில்லை என்றவளும் நான்.

ஜூலை 8, செவ்வாய்

சொல்லிவிட்டேன். காலையில் அத்தான் இட்லி சாப்பிடும்போது துப்பட்டாவைக் கொண்டுபோய் அவர் முன்னால் வைத்தேன். அக்கா, "என்னட்டி, சாப்பிடுத இடத்துல அழுக்குத் துணி?" என்றாள்.

எல்லாவற்றையும் சொன்னேன். கட்டம் போட்ட தாளைக் காட்டினேன். அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஆனால் இன்னொன்றும் சொல்ல வேண்டியிருந்தது. "அன்னைக்குக் கடைக்காரர் கேட்டாரு அத்தான். துணிப் பை போதுமா, ஃபில்டர் போட்டுத் தரவான்னு. ஃபில்டர்னா என்னன்னு எனக்குத் தெரியல. தெரியலன்னு சொல்ல வெக்கமா இருந்துச்சு. போதும்னுட்டேன்."

அத்தான் இட்லியைக் கீழே வைத்தார். நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

"எனக்குத் தெரியும்" என்றார்.

"என்ன?"

"ஃபில்டர்னா என்னன்னு. சார்ஜாவுல மாசாமாசம் அத மாத்துன ஆளு நான்தான். இம்புட்டு உயரம் இருக்கும், காயிதத்த விசிறி கணக்கா மடிச்சுச் சுத்தியிருப்பான். கடைக்காரன் கேட்டப்போ வாய் வரைக்கும் வந்துச்சு. படிச்ச பிள்ள வேண்டாங்கா, அதுக்கு ஒரு காரணம் இருக்கும், நாம குறுக்க பேசி அவளக் கொறச்சிறக் கூடாதுன்னு நின்னுட்டேன்."

அக்கா ஒரு கையில் சட்னிக் கிண்ணத்தோடு எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"ரெண்டு பேரும் மரியாதை பாத்து மரியாதை பாத்து, எம் பிள்ளைய மூச்சு விட முடியாம ஆக்கியிருக்கிய" என்றாள். அத்தானுக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அக்கா, "சிரிக்காதீங்க, சட்டினிய ஊத்திருவேன்" என்றாள். பிறகு அவளும் சிரித்தாள். நான் அழுதேன் என்று அக்கா சொல்கிறாள். எனக்கு ஞாபகமில்லை.

டாக்டர் தாளை இரண்டு முறை படித்தார். "துணிய மாடியில போடுங்க. அந்த ஃபில்டரையும் மாட்டுங்க. ஒரு வாரம் கழிச்சுப் பாத்துட்டுத்தான் எதுவும் சொல்வேன்" என்றார்.

கடைக்கு நானே போன் செய்தேன். பாத்திரம் கழுவும் இடத்தில் நின்று பேசினேன், அங்கே யாரும் இல்லை. "அன்னைக்கே கேட்டேனே மேடம்" என்றார் அவர். "ஆமா சார். அன்னைக்குப் புரியல. இப்ப சொல்லுங்க, எத்தனை மைக்ரான் சன்னமான தூள் வரைக்கும் அது பிடிக்கும்? எங்க மெஷினுக்குப் பொருந்துமா? எத்தனை நாளைக்கு ஒருக்க தட்டிச் சுத்தம் பண்ணணும்?" ஏழு கேள்வி கேட்டேன். கடைசிக் கேள்விக்கு அவரே உள்ளே போய் யாரிடமோ விசாரித்து வந்தார்.

இழுப்பு: லேசாக உண்டு.

ஜூலை 10, வியாழன்

ஃபில்டர் பார்சலில் வந்தது. மாட்டி, அதே இடத்தில் அதே நேரம் துப்பட்டாவைக் கட்டினேன். கறுப்பாகவே இருந்தது. இருந்தாலும் துணியெல்லாம் மாடியில்தான். தொட்டிலுக்கென்று வைத்திருக்கும் எட்டுச் சேலைகளையும் புதிதாகத் துவைத்தோம். இழுப்பு: இல்லை.

ஜூலை 11

வெயில், மெஷின், துவையல். இல்லை.

ஜூலை 12

இல்லை.

ஜூலை 13, ஞாயிறு

இல்லை. யாரும் அதைப் பற்றிப் பேசுவதில்லை. காலையில் மூன்று பேரும் தொட்டில் பக்கம் ஏதோ வேலை இருப்பதுபோல் வந்து நிற்கிறோம். நேற்று அத்தான் அங்கே இல்லாத ஓர் ஆணியைத் தேடினார்.

ஜூலை 14

இல்லை. தொட்டிலுக்கு வெளியே காலை நீட்டிக்கொண்டு தூங்குகிறாள்.

ஜூலை 16, புதன்

டாக்டர் வெகு நேரம் கேட்டார். முன்பக்கம், பின்பக்கம், மறுபடி முன்பக்கம். அக்கா என் மணிக்கட்டைப் பிடித்திருந்தாள், இன்னும் வலிக்கிறது.

"நெஞ்சு சுத்தமா இருக்கு. பனிக்காலத்துல சளி பிடிச்சா மறுபடி வரலாம், வந்தா பயப்படாதீங்க, கூட்டிட்டு வாங்க. பட்டறைய எடுக்க வேண்டாம்" என்றார். "யாரு இந்தக் கட்டம் போட்டது?"

அக்கா என்னைப் பார்க்கவில்லை. நேரே அவரைப் பார்த்து, "என் தங்கச்சி" என்றாள்.

அத்தான் ஆஸ்பத்திரி வாசலிலேயே போனை எடுத்தார். "பாய், வேற ஆளப் பாத்துக்கிடுங்க. ஆமா. பிள்ளைக்கு நல்லாயிட்டு. இல்ல பாய், இனி இல்ல." அந்தப் பக்கம் அவர் ஏதோ சொல்லியிருக்க வேண்டும். அத்தான் முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு, "சொல்லுதேன், சொல்லுதேன்" என்றார். என்ன சொன்னார் என்று நாங்கள் கேட்கவில்லை.

ஜூலை 18, வெள்ளி

ஆடி முதல் வெள்ளி. அக்கா பாயசம் வைத்தாள். மாவிடித்து, விளக்கேற்றி, வாசல் முழுக்கக் கோலம் போட்டு, காலையிலிருந்து உட்காரவே இல்லை. அத்தான் சாப்பிட்டுவிட்டுப் பட்டறைக்குப் போனார். கோயம்புத்தூர்க் கட்டைகளில் இன்னும் நாற்பது பாக்கி. மகிழினி தூங்கினாள். இழுப்பு: இல்லை.

இரண்டு நாற்பதுக்கு, திருவனந்தபுரத்தில் அந்தப் பிளேன் கிளம்பும் நேரத்துக்கு, அக்கா அடுப்படியிலிருந்து வந்து கடிகாரத்தைப் பார்த்தாள். பிறகு பட்டறைக் கதவுக்குப் போய் நின்றாள். மெஷின் சத்தத்தில் அவள் வந்தது அவருக்குக் கேட்கவில்லை. அவர் நிமிர்ந்து பார்த்து, முதலில் திக்னசரையும் பிறகு மற்றதையும் நிறுத்தினார்.

"காப்பி வேணுமா?" என்றாள் அக்கா.

"இப்பத்தான சோறு தின்னேன்?"

"கேட்டேன், அவ்வளவுதான்."

திரும்பி வந்து ஒரு டம்ளரைக் கழுவினாள். பத்து நிமிடம் கழித்து மறுபடியும் போய்க் கேட்டாள்.